எல்லையோர நெட் அண்ணன்

கொழிஞ்சாம்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கி, போன் மக்கர் பண்ணுகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கடையின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "நெட் அண்ணங்கிட்டப் போங்க" என்பார்கள். வேலந்தாவளத்தில் ஒருவர் உண்டு. மீனாட்சிபுரத்தில் ஒருவர். இடுக்கிப் பக்கம் குமுளி, கம்பம்மெட்டு, பூப்பாறை, மறையூர் என்று மலையேறினால் ஊருக்கொருவர் உட்கார்ந்திருப்பார். முகம் வேறு, சாதி வேறு, கட்சி வேறு. ஆனாலும் ஆள் ஒருவரேதான்.

வயதை நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் எங்கோ நிறுத்தி வைத்திருப்பார். சட்டைப் பையில் இரண்டு போன். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, சிம் தட்டைத் திறக்கும் ஊசி. காதில் ஒற்றை இயர்பட். இன்னொன்று எங்கே என்று கேட்கக் கூடாது, நீண்ட கதை. கடை என்பது ஆறடிக்கு எட்டடி. முன்னால் ரீசார்ஜ், பின்னால் ஜெராக்ஸ், பக்கவாட்டில் மச்சினன் நடத்தும் லாட்டரித் தட்டு. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மறைந்த மாமனாரின் படமும், அதைச் சுற்றிலும் காலாவதியான சிம் கார்டுகளும்.

அவர் வைத்தியத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் போனை வாங்கி அணைத்துப் போடுவார். சரியாகவில்லை என்றால் ஃப்ளைட் மோடை ஒரு முறை தட்டி எடுப்பார். அதற்கும் மசியவில்லை என்றால், "சார்ஜர் ஒரிஜினலுங்களா?" அடுத்தது, "பையன் கேம் ஆடறானுங்களா?" கடைசியாக, வராந்தாவுக்கு வந்து உறவினரிடம் பேசும் டாக்டரின் குரலில், "மதர்போர்டு."

சிரிக்க வேண்டாம். முதல் இரண்டு வைத்தியத்திலேயே பாதிக் கேஸ் குணமாகிவிடும். அதற்கு நியாயமும் இருக்கிறது. நாள் முழுக்கத் திறந்த ஆப்கள் போனின் தற்காலிக நினைவகத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அவற்றில் ஏதாவது ஒன்று பாதியில் சிக்கி நிற்கும். அணைத்துப் போட்டால் எல்லாம் கலைந்துவிடும். ஃப்ளைட் மோடு போட்டு எடுத்தால், போன் பழைய டவரின் பிடியை விட்டுவிட்டுப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளும். இதையெல்லாம் அண்ணனிடம் கேட்டால் இப்படிச் சொல்ல மாட்டார். "அதுக்கும் தூக்கம் வேணுமில்லீங்களா" என்பார்.

இந்த ஆள் ஸ்மார்ட்போனோடு பிறந்தவர் அல்ல. எஸ்டிடி பூத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வளர்ந்தவர். கூப்பிடு தூரத்தில் இருக்கும் பொள்ளாச்சிக்குப் பேசவும் வெளியூர்க் கட்டணம் என்று மக்கள் மனம் நொந்த காலத்தில், மீட்டர் ஓடும் சத்தத்துக்கு நடுவே தொழில் கற்றவர். பிறகு சுரண்டும் கூப்பன் வந்தது, ஈசி ரீசார்ஜ் வந்தது, டார்ச் வைத்த நோக்கியா வந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் கைவைத்தவர் அவர்தான்.

அவருடைய பொற்காலம் ரோமிங் காலம். தொலைத்தொடர்புத் துறை நாட்டை வட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு ஒரு வட்டம். மனிதர்களுக்கு வாளையாற்றில் செக்போஸ்ட் உண்டு, ரேடியோ அலைக்கு இல்லை. எந்த டவரின் சிக்னல் பலமோ அதைப் பிடித்துக்கொள்வது போனின் சுபாவம். குமுளியில் அடுக்களையில் நிற்கும்போது கேரள டவர். காயப்போட்ட துணியை எடுக்க வாசலில் இறங்கினால் தமிழ்நாட்டு டவர். அந்த நேரம் பார்த்து கம்பத்திலிருந்து அக்கா கூப்பிட்டால், சொந்த வாசலில் நின்றதற்கு ரோமிங் கட்டணம் பிடித்துவிடும். மிளகாய் காயப்போட்ட இடத்தில் பேலன்ஸும் காய்ந்து போகும்.

அப்போது நெட் அண்ணன் ஒரு மந்திரம் வைத்திருந்தார். செட்டிங்ஸுக்குள் போய், தானாக நெட்வொர்க் தேடும் வசதியை நிறுத்தி, கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்துவிடுவார். போன் சொன்ன இடத்தில் நிற்கும். இதற்குப் பத்து ரூபாய். ஊரே கும்பிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து ரோமிங் இலவசம் என்றது. 2017 ஏப்ரலில் ஏர்டெல்லும் கட்டணத்தை எடுத்துவிட்டது. நாட்டுக்கே சந்தோஷம், இவருக்கு மட்டும் ஒரு வருமானம் போனது. "எல்லைங்கறதுக்கே மரியாதை இல்லாம பண்ணிட்டாங்க" என்று இன்றைக்கும் அங்கலாய்ப்பார்.

மலைமேல் இருக்கும் அண்ணனுக்கு வேறு கஷ்டம். 2015 ஜனவரியில் நாட்டிலேயே முதலாவதாக எல்லா ஊராட்சிக்கும் கண்ணாடியிழைக் கேபிள் எட்டிய மாவட்டம் என்ற பெயர் இடுக்கிக்குக் கிடைத்தது. அதே மாவட்டத்தில், கொரோனா வந்த 2020இல், ராஜமலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடி இரவிகுளம் தேசியப் பூங்காவின் ரோட்டோரம் வந்து உட்கார்ந்தார்கள். இது எப்படி என்று லயத்துப் பெரியவர் ஒருவர் கேட்டால் அண்ணன் தயங்கவே மாட்டார். "கேபிளு பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் வந்துருச்சு பெரியவரே. அங்கேருந்து நம்ம லயத்துக்கு வர்ற வழியில படையப்பா மறிச்சுக்கிட்டு நிக்கிறான்." மூணாற்றில் அந்தக் கொம்பன் யானையின் பெயரைச் சொன்னால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. யோசித்தால் பதிலில் பாதி உண்மையும் இருக்கிறது. கேபிள் ஆபீஸ் வாசலில் முடிந்துவிட்டது. அங்கிருந்து வீட்டுக்கு வரும் கடைசி மைலைப் போடுவதில்தான் பணமும் காடும் மழையும் குறுக்கே நிற்கின்றன.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருவோம். அண்ணனின் முதல் கொள்கை, அப்டேட் கூடாது.

"ஏனுங்ணா, அப்டேட்டு போடச் சொல்லி நாலு நாளா கேட்டுட்டே இருக்குதுங்க."

"போட்றாதீங்கக்கா. போட்டா போனு மெதுவாப் போகும். புதுப் போன் விக்கறதுக்குக் கம்பெனிக்காரன் பண்ற வேலைங்க அது."

இதை முழுப் பிதற்றல் என்று தள்ளவும் முடியாது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. அண்ணன் அந்தச் செய்தியை வெட்டி வைத்திருக்கிறார். அதே வருடத்து இன்னொரு செய்தியையும் வெட்டி வைத்திருக்கிறார் என்பதுதான் வேடிக்கை. 2017 மே 12ஆம் தேதி வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் புகுந்தது. கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் பிட்காயினாக வை என்று திரையில் எழுதிக் காட்டும். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் திணறின. சில நாளில் வயநாட்டில் ஒரு பஞ்சாயத்து ஆபீஸிலும், ஒலவக்கோட்டில் இருக்கும் நம்ம பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்திலும் அதே சிவப்புத் திரை. "ஒலவக்கோட்டுலயே பூந்துருச்சுங்க!" என்று அண்ணன் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு ஊர்ப் பெருமை கலந்திருக்கும்.

அவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. வானாக்ரை நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம். அப்டேட் போட்டவன் கம்ப்யூட்டர் தப்பித்தது, "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தட்டிவிட்டவன் கம்ப்யூட்டர் மாட்டியது. இதை எடுத்துச் சொன்னால் அண்ணன் ஒரு விநாடி யோசிப்பார். "அது கம்ப்யூட்டருங்க. இது போனு."

லாட்டரி விஷயத்தில் மட்டும் அவரை யாரும் அசைக்க முடியாது. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்ததிலிருந்து அந்தப் பக்கத்து ஜனம் வாளையாறு, கோபாலபுரம், வேலந்தாவளம் என்று எல்லை தாண்டி வந்து சீட்டு வாங்குகிறது. 2023 திருவோணம் பம்பரில் 25 கோடி அடித்த சீட்டு வாளையாற்றில் விற்றது. அடித்தது திருப்பூர்ப் பக்கத்து நால்வருக்கு. அந்த நாலு பேரைப் பற்றிப் பேசாத டீக்கடை இந்தத் தடத்தில் கிடையாது. இந்த ஆசைக்குத் தீனியாக வாட்ஸப்பில் வரும்: "கேரளா லாட்டரி ஆன்லைன், வீட்டிலிருந்தே வாங்கலாம், பரிசு விழுந்தால் வரிப் பணம் மட்டும் முன்னால் கட்டவும்." யாராவது இதைக் காட்டினால் அண்ணன் பதில் பேசாமல் மச்சினன் தட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து முகத்துக்கு நேரே ஆட்டுவார். "கேரளா லாட்டரி காயிதத்துல மட்டுந்தாங்க. ஆன்லைன்ல வித்தா அது லாட்டரியே இல்லீங்க. அடிச்சா இந்தக் காயிதத்தைக் கொண்டுபோய்க் குடுக்கோணும். போட்டோவுக்கு எவனும் காசு தர மாட்டான்." சொன்னது அத்தனையும் சரி. மச்சினன் வியாபாரமும் சேர்ந்து காப்பாற்றப்படுகிறது.

மிரட்டல் போனையும் இவர் நன்றாகவே கையாளுவார். பம்பாயில் உங்கள் பெயருக்குப் போதைப் பார்சல் வந்திருக்கிறது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாது என்று போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோ காலில் வருவானே, அந்த வகை. தோட்டத்தில் ஓய்வுபெற்ற ஒரு அம்மா, அவன் மிரட்டிக்கொண்டிருக்கும்போதே போனைக் கையில் பிடித்தபடி நடந்து வந்துவிட்டார். அண்ணன் திரையை எட்டிப் பார்த்து, "சார், அந்தப் பார்சலை அஞ்சு மணி கம்பம் பஸ்ல போட்டு விடுங்க, நான் இறக்கிக்கிறேன்" என்றாராம். இணைப்பை அந்தப் பக்கமே துண்டித்துக்கொண்டது. வீடியோ காலில் யாரையும் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே கிடையாது; 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் வந்து சொல்ல வேண்டிய அளவுக்கு அந்த மோசடி பெருகியிருந்தது.

சறுக்குவது அபராதத்தில். 2023 ஜூன் 5ஆம் தேதி கேரள அரசு இரண்டு காரியம் செய்தது. கே-ஃபோன் இணையத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது. ஏஐ கேமராவில் சிக்கிய வண்டிகளுக்கு அபராதம் போடவும் ஆரம்பித்தது. நெட் வீடு வந்து சேர்ந்ததோ இல்லையோ, அபராத பயம் வந்து சேர்ந்தது. அந்த பயத்தில் பிழைக்க வந்ததுதான் அரசின் வாகனத் தளமான பரிவாகன் பெயரில் வாட்ஸப்பில் வரும் போலி நோட்டீஸ். கூடவே ஒரு கோப்பு. பெயர் ஏபிகே என்று முடியும். அது ரசீது அல்ல, ஒரு ஆப். தட்டினால் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் பேங்க் அனுப்பும் ஓடிபி உங்களுக்கு வருவதோடு இன்னொருவனுக்கும் போகும். அப்புறம் நீங்கள் ஓடிபியை யாரிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்து என்ன பயன்? 2025 ஜூலையில் கொச்சி சைபர் போலீஸார் இதே மாதிரி ஒரு கேஸுக்காக வாரணாசி வரை போய் இரண்டு பேரைப் பிடித்தார்கள். நிஜமான அபராதத்தைப் பார்க்க வேண்டுமானால் கவ் டாட் இன் என்று முடியும் பரிவாகன் தளத்துக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணனோ இத்தனை நாளாகப் பிளே ஸ்டோரில் கிடைக்காத சினிமா ஆப், கிரிக்கெட் ஆப் எல்லாவற்றையும் ஏபிகேயாகவே ஏற்றிக் கொடுத்தவர். அதற்காக ஊரில் பாதிப் போன்களில் 'தெரியாத இடத்து ஆப்களை அனுமதி' என்ற சுவிட்சை அவரே போட்டு வைத்திருக்கிறார். போட்ட சுவிட்சைத் திரும்ப அணைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

வைஃபை கதை இன்னும் சுவாரசியம். தெருவில் யார் புதிதாக நெட் இணைப்பு வாங்கினாலும் ரௌட்டருக்குப் பாஸ்வேர்டு போட அண்ணன்தான் வர வேண்டும். ரௌட்டரின் நிர்வாகப் பக்கம் கம்பெனியிலிருந்து வந்தபடியே, பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. அதைத் தொட மாட்டார். வைஃபைக்கு மட்டும் தன் கடைப் பெயரையும் தன் போனின் கடைசி நாலு எண்ணையும் போடுவார். எல்லா வீட்டுக்கும் அதே. ஆகவே பஸ் ஸ்டாண்டிலிருந்து மாரியம்மன் கோயில் வரை அவர் நடந்து போகும்போது அவர் போன் வீட்டுக்கு வீடு தானாக ஒட்டிக்கொள்ளும். தன் டேட்டாவில் ஒரு துளி செலவாகாது. அந்தப் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்ட எந்தப் பள்ளிக்கூடப் பையனுக்கும் இதே சலுகை உண்டு.

இனி நோட்டுப் புத்தகம். நீல அட்டை, நூறு பக்கம், சீட்டுக் கணக்குக்கு வாங்கியது. பின்பக்கத்திலிருந்து புரட்டினால் இப்படிப் போகும்: "மேக்கால வீட்டு அத்தை, ஜிமெயில், மகன் பேரு 123. பால் சொசைட்டி மாமா, ஜிபே, பொறந்த வருசம். டீச்சரக்கா, பேஸ்புக், டீச்சர் அட் 2020 (மறந்துட்டாங்க, மாத்தியாச்சு, டீச்சர் அட் 2021)." பக்கத்துக்குப் பக்கம் ஊரின் பூட்டும் சாவியும். இதில் ஜிபே ரகசிய எண் இருக்கிறதே என்று கேட்டால், "அவிய வந்து கேட்டா நான் சொல்லோணுமில்லீங்க" என்பார். கெட்ட எண்ணம் சிறிதும் கிடையாது. ஒரு ரூபாய் தொட மாட்டார். நோட்டு மட்டும் ரீசார்ஜ் மேஜைமேல் திறந்தபடி கிடக்கும். காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் பழைய பேட்டரி ஒன்று.

நோட்டில் எழுதாத ஆபத்து இன்னும் பெரிது. மறந்தால் மீட்க என்று ஜிமெயில் ஒரு போன் நம்பர் கேட்குமே, அதில் பலருக்கும் தன் நம்பரையே கொடுத்துவிட்டார். அவசரத்தில் செய்த உபகாரம். ஊருக்கே ஒற்றைத் தாழ்ப்பாள், அது அவர் சட்டைப் பையில்.

மேக்கால வீட்டு அத்தை இந்த நோட்டிலிருந்து வெளியேறிய விதத்தைச் சொல்ல வேண்டும். டிஜி கேரளம் என்று மாநில அரசு ஒரு திட்டம் நடத்தி, 2025 ஆகஸ்ட் 21ஆம் தேதி கேரளத்தை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்தது. ஏறக்குறைய 21.87 லட்சம் பேருக்கு அடிப்படைப் பயிற்சி. பெரும்பாவூர்ப் பக்கத்தில் நூறு வயது தாண்டிய மௌலவி ஒருவர்கூடக் கற்றுக்கொண்டார். அத்தைக்குத் தொழிலுறுதி வேலை நடக்கும் இடத்திலேயே, மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பாடம். சொல்லிக் கொடுத்தது காலேஜில் படிக்கும் ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கும் அண்ணனுக்கும் ஒரே வித்தியாசம்தான். அண்ணன் "கொடுங்க" என்று போனைப் பிடுங்கிக்கொள்வார், விரல் பறக்கும், "முடிஞ்சுது" என்று திருப்பித் தருவார், எதைத் தட்டினார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அந்தப் பெண் போனைத் தொடவே இல்லை. "நீங்களே தட்டுங்க அம்மா" என்று அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு ரகசிய எண் போடும்போது அத்தை முந்தானையால் திரையை மூடிக்கொள்கிறார். பணம் அனுப்பத்தான் பின் நம்பர், வாங்குவதற்கு எப்போதும் வேண்டாம் என்று கடையிலேயே நின்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறார். அண்ணனுக்கு இது கொஞ்சம் வருத்தம். "எங்கிட்டயே மறைக்கறாங்க பாருங்க."

வருத்தம் பெரிதாக நிலைக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் அந்தச் சம்பவம் நடந்துவிட்டது. தங்கச்சி மாப்பிள்ளை நம்பரிலிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி: "மச்சான், தப்பா உங்க நம்பருக்கு ஆறு இலக்கக் கோடு ஒண்ணு வந்துருச்சு, அனுப்புங்க." ஓடிபி சொல்லாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் யோசிக்காமல் அனுப்பிவிட்டார். பேங்க் ஓடிபி அல்லவே, மாப்பிள்ளை அல்லவா கேட்கிறார். மாப்பிள்ளையின் வாட்ஸப்பே காலையில் பறிபோயிருந்தது அவருக்குத் தெரியாது. அந்த ஆறு இலக்கம் அண்ணனின் வாட்ஸப்பை இன்னொரு போனில் திறக்கும் சாவி. பத்து நிமிஷத்தில் அவர் பெயரில் ஊர் முழுக்கச் செய்தி: "அவசரம், ஐயாயிரம் போடுங்க, சாயங்காலம் தர்றேன்."

வேறு யார் கேட்டிருந்தாலும் ஊர் யோசித்திருக்கும். நெட் அண்ணன் காசு கேட்டதே கிடையாதே! பால் சொசைட்டி மாமா இரண்டு தடவை அனுப்பினார். முதல் தடவை போனதா என்று சந்தேகமாம். கடை வாசலில் கூட்டம். எந்த ஸ்டேஷனுக்குப் போவது, கேரளாவா தமிழ்நாடா, காசு போன அக்கவுண்ட் எந்த ஊர் என்று பெரிய விவாதம். அப்போது அத்தைதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "1930க்கு அடிங்கடா மொதல்ல" என்றார். நாடு முழுக்க ஒரே நம்பர், எல்லைத் தகராறு அதற்குக் கிடையாது. திருடன் பணத்தை எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டால் அதை பேங்கிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும். மாமாவின் இரண்டாவது ஐயாயிரம் நின்றது. முதலாவது போனது போனதுதான்.

வாட்ஸப்பில் இரட்டைச் சரிபார்ப்பு என்று ஒரு வசதி இருக்கிறது. ஆறு இலக்கக் கோடு போனாலும், நாமே வைத்த இன்னொரு ஆறு இலக்க எண் இல்லாமல் கணக்கு திறக்காது. இதை ஊரில் பல பேருக்குப் போட்டுக் கொடுத்தவர் அண்ணன்தான். தன் போனுக்குப் போட நேரம் கிடைக்கவில்லை.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். அடுத்த தடவை ரீசார்ஜுக்குப் போகும்போது, உங்கள் போனைக் கொடுப்பதற்கு முன்னால் அவர் போனைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார். பக்கத்திலேயே நின்று அவரையே தட்டச் சொல்லுங்கள்.